கருப்பம்மா அத்தையின் மூன்று கேள்விகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது சாமி வந்து ஆடினாலும் சரி, பேய் பிடித்துப் புலம்பினாலும் சரி, ஆளனுப்பிக் கூப்பிடுவது கருப்பம்மா அத்தையைத்தான். அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. ஒட்டடைக் கம்பு மாதிரி உடம்பு, ஆனால் கொழுந்துக் கூடையோடு மலையேறினால் இளவட்டங்களை முந்திப் போய்விடுவாள். பூசாரி பக்கத்திலேயே நின்றாலும் கேட்கிற வேலை அவளுடையதுதான். ஆடுகிறவளின் நெற்றியில் விபூதியை அப்பி, உச்சி மயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்பாள். யாரு வந்திருக்கே? எதுக்கு வந்தே? என்ன வேணும்?

மூன்றாவது கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. வந்தது எதுவானாலும் முதலில் உயிரைத்தான் கேட்கும். இவளைக் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று அடம்பிடிக்கும். அது முடியாது, வேறு கேள் என்று அத்தை அந்த நொடியே சொல்லிவிட வேண்டும். பிறகு பேரம். கோழியில் ஆரம்பித்து, சேலைக்கு இறங்கி, வெற்றிலை பாக்கில் வந்து நிற்கும். பெரகலச் சந்தியில் லொறியில் அடிபட்டுப் போன ஒருவன் வந்து, கடைசியில் ஒரு போத்தல் சோடாவோடு சமாதானமாகிப் போன கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். ஆனால் கேட்டதற்கு மறுப்புச் சொல்லாமல் வாயடைத்து நின்றுவிட்டால் கதை கந்தல். சும்மா இருந்தால் சம்மதம் என்றுதான் அர்த்தம், கொடுத்தது கொடுத்ததுதான். இது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் விதுஷா, பதுளை டவுனில் ஒரு பார்மசியில் வேலை. அதைச் சொல்லியே அத்தை என்னைச் சீண்டுவாள், உனக்கென்னடி, நீ குளிசை விக்கிறவ என்பாள். நீங்க பேய்க்குச் சோடா வாங்கிக் குடுக்கிறவங்க என்பேன் நான். என் வாய் சும்மா இருக்காது. அப்பா அப்போதெல்லாம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அம்மாவும் இருந்தாள்.

லயம் தெமோதரைக்கு மேலே இருந்தது. போன வருஷப் பெருமழையில் மலை வெடிப்பு விட்டிருக்கிறது, எல்லோரும் தேயிலை பெக்டரிக்கு இறங்குங்கள் என்று வந்து சொன்னார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இறங்கினோம். பாதி வழியில் அப்பாவுக்குத் தலை சுற்றியது. தெய்வான, அந்த ப்ரஷர் குளிசையை மட்டும் எடுத்துட்டு வந்துரு என்றார் அம்மாவிடம். அவ்வளவுதான் சொன்னார். அம்மா உரப்பை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பி ஓடினாள். மலை இறங்கியது. எங்கள் லயம் இருந்த இடத்தில் செம்மண்தான் மிச்சம், அம்மாவைக் கடைசிவரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். பெக்டரிக்குப் பக்கத்தில் கொடுத்த தகரக் கொட்டகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சோற்றைப் பிசைந்து வைத்தால் அப்படியே காய்ந்து கிடக்கும். குளிசை என்றால் எந்தக் குளிசையானாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் மழை தூற ஆரம்பித்தால் எழுந்துவிடுவார். யாரும் பார்க்காத நேரம் பார்த்து, சரிந்த இடத்துக்கு ஏறிப்போய் அந்தச் செம்மண் விளிம்பில் நிற்பார். கீழே பாதாளம். அத்தையும் நானும் எத்தனையோ தடவை போய்ப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம். கடைசித் தடவை அவருடைய ஒரு கால் விளிம்புக்கு வெளியே இருந்தது. அன்றைக்குத்தான் அத்தை, விபூதியால ஆகாது, உன் டொக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போடி என்றாள்.

மனநல டொக்டர் நளீரா அக்கறையான மனுஷி. தமிழ் பேசுவார், அதுவே பெரிய ஆறுதல். அப்பாவை வார்டில் வைத்து, குளிசை கொடுத்து, விழுங்கினாரா என்று வாயைத் திறந்து பார்த்தார்கள். மாதக்கணக்கில் கொடுத்தார்கள், ஒன்றை மாற்றி இன்னொன்று. ஒரு அசைவும் இல்லை. பிறகுதான் டொக்டர் எங்களைக் கூப்பிட்டு வைத்து கெட்டமின் என்ற மருந்தைப் பற்றிச் சொன்னார்.

ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கக் காலங்காலமாகப் பாவிக்கிற மருந்து அது. கொஞ்சமாக, சேலைன் வழியாக மெல்ல ஏற்றினால் மயக்கம் வராது, ஆனால் ஆள் தன் உடம்பை விட்டு விலகி நிற்பதுபோல் இருக்கும். நேரம் குழம்பும், இல்லாதது தெரியும், ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் கலைந்துவிடும். அதற்குப் பிறகுதான் வேலை. கவ்வாத்து வெட்டின தேயிலை துளிர்க்கிற மாதிரி நரம்புகள் கொஞ்ச நாளைக்குப் புதிய கிளை விடுவதாக ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள், செத்துப்போகும் நினைப்பு சிலருக்கு ஓரிரு நாளிலேயே தணிந்துவிடுகிறது என்றார். எல்லோருக்கும் பலிக்காது, பலித்தாலும் நிலைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. வெளிநாடுகளில் ஒருவகைக் காளானிலிருந்து எடுக்கிற பொருளையும் இப்படிச் சோதிக்கிறார்களாம். நமக்கு இங்கே கையில் இருப்பது இது ஒன்றுதான் என்றார்.

அந்த மருந்தின் பெயரை போதைக்காரர்களோடு சேர்த்துத்தான் நான் படித்திருந்தேன். இருக்கிற கொஞ்ச நஞ்ச புத்தியும் கலங்கிப்போனால் என்ன செய்வது? சம்மதமா என்று டொக்டர் அப்பாவிடம் கேட்டார். தலையாட்டினார். விஷம் ஏற்றப்போகிறோம் என்றாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பார். டொக்டருக்கும் அது விளங்கியது. அன்றைக்கு விட்டுவிட்டு, இன்னொரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லி மறுபடியும் கேட்டார், அப்போது அப்பா அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

மருந்தேறும்போது தெரிந்த ஆள் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது நல்லது என்றார்கள். அப்பா அத்தையின் கையை விடவில்லை. ஜெசிந்தினி மிஸ், அந்த அறையின் நேர்ஸ், பதுளை டவுன்காரி, அத்தையிடம் பொறுமையாகச் சொன்னார். சத்தம் வேண்டாம், கேள்வி கேட்க வேண்டாம். அந்த நேரத்தில் மனசு மெழுகாக இருக்கும், பக்கத்தில் சொல்வது எதுவோ அதுதான் உள்ளே உருவமெடுக்கும். அவர் பயந்தால் நீங்கள் யார், பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அத்தை எல்லாவற்றுக்கும் சரிங்க மிஸ், சரிங்க மிஸ் என்றாள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

மருந்து ஏற ஆரம்பித்ததும் சுண்டிவிட்ட மாதிரி அப்பாவின் கால் ஒருமுறை உதறியது. பிறகு தலை மெல்ல இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது, அவருடைய குரலே இல்லை அது. மிஸ் ப்ரஷர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை ஆடுவதும் முனகுவதும் அவளுக்கு எத்தனை வருஷப் பழக்கம். கை தன்னால் போய் அப்பாவின் உச்சி மயிரைப் பிடித்தது.

"யாரு வந்திருக்கே?" என்றாள்.

அப்பாவின் வாய் திறந்தது. மாதக்கணக்காக ஒரு சொல்லும் வராத வாய். "தெய்வான," என்றது.

அம்மாவின் பெயர். நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதற்குள் அத்தை எதுக்கு வந்தே என்று கேட்டுவிட்டாள், என்ன வேணும் என்றும் கேட்டுவிட்டாள். அப்பா அம்மாவைப் போலவே இழுத்து இழுத்துச் சொன்னார். "மழைக்கு அவர எங்கிட்ட அனுப்பி விட்டுரு."

அத்தை வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஊர்ப்பட்ட பேயோடு பேரம் பேசியவளுக்கு, தம்பி வாயால் தம்பி பெண்டாட்டி வந்து கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. மிஸ் அவளுடைய கையை விலக்கி வெளியே அனுப்பினார். மருந்து முடிந்ததும் அப்பா கொஞ்ச நேரம் தூங்கி எழுந்தார்.

அதற்கு மறுநாளே அப்பா மாறிவிட்டார். அதில் என்னைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் சந்தோஷப்பட்டேன்! தானாக எழுந்து முகம் வழித்தார், சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார், சோறு கொஞ்சம் இறங்கியது. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கொட்டகைச் சனமெல்லாம் வந்து பார்த்து, இராசையா சுகமாகிட்டாரு என்றது. வாசலில் நின்று மலையைப் பார்த்தபடி, மழை எப்ப வரும் என்று என்னிடம் கேட்டார். அப்பா பேசிவிட்டார் என்று அழுதேன், சிரித்தேன். இந்த வருஷம் பிந்தும்போல இருக்குப்பா என்றேன். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கடுத்த நாளும்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ஏம்பா மழையையே கேக்குறீங்க என்றேன்.

"அம்மா மழைக்கு வரச் சொல்லிருக்கா," என்றார். முகத்தில் அப்படி ஒரு அமைதி. "அக்காவும் மறுக்கலையே."

எனக்கு வந்ததே கோபம். அத்தையைப் போய்ப் பிடித்து, வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கேக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு என்று கத்தினேன். எதற்கும் பதில் வைத்திருப்பவள் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, எனக்குப் பயமா இருக்குடி என்றாள். அத்தை பயம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கோபம் அப்படியே அடங்கிவிட்டது, எனக்கும் அதே பயம்தானே.

அதிலிருந்து வானத்தைப் பார்ப்பதே எங்கள் பிழைப்பாகிவிட்டது. நமுனுகுல மலைப் பக்கம் கறுத்தால் அத்தை பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகாமல் நின்றுவிடுவாள். இரவில் பாயை வாசற்படிக்குக் குறுக்கே போட்டுப் படுத்தாள். நான் கடையில் நிற்கும்போது வெளியே யாராவது குடையை விரித்தால் கை வேலை ஓடாது. தோட்டத்துச் சனமோ வெயில் கருக்குது, மழை வந்தால்தான் கொழுந்து என்று ஏங்கிக்கொண்டிருந்தது. அப்பாவும் ஏங்கிக்கொண்டிருந்தார், துவைத்த சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு.

டொக்டருக்கு போன் எடுத்துச் சொன்னதும் அவர் குரல் மாறிவிட்டது. இப்படித் திடீரென்று வருகிற அமைதிதான் பயப்பட வேண்டியது, உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அன்றைக்கே கொண்டுபோய் வார்டில் சேர்த்தோம். எனக்கு அந்த மருந்தே வேண்டாம் என்றிருந்தது. டொக்டரோ, மருந்து அம்மாவைக் கொண்டுவரவில்லை என்றார். ஆள் தன்னை விட்டு விலகி நிற்கிற நேரத்தில் யார் வந்திருப்பது என்று கேட்டால், மனசில் யார் நிறைந்திருக்கிறாரோ அவர் பெயர்தான் வாயில் வரும். என்ன வேண்டும் என்று கேட்டால், அவருக்கே உள்ளே கிடக்கிற ஆசைதான் வரும்.

"அப்ப இத்தன வருஷமா நான் கேட்டதெல்லாம்?" என்றாள் அத்தை.

அதைப் பற்றி எனக்குத் தெரியாதும்மா, இந்த அறையைப் பற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும் என்றார் டொக்டர். அத்தை சேலையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

இன்னொரு தடவை ஏற்றிப் பார்க்கலாம், இந்த முறை தானே பக்கத்தில் இருப்பதாக டொக்டர் சொன்னார். அத்தை என்னைத் தனியாகக் கூட்டிப்போய்க் கெஞ்சினாள். ஒரே ஒரு தடவை, அவள் மறுபடி வந்து கேட்கட்டும், முடியாது போ என்று மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குச் சொல்லாமல் விட்டதுதானே இத்தனைக்கும் காரணம் என்றாள். நான் முடியவே முடியாது என்றேன். நீங்கள் கேட்டால்தானே அம்மா வருவாள், கேட்காதீர்கள் என்றேன். நானே கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று டொக்டரிடமும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் கட்டிலில் படுத்ததும் அப்பா தேடியது அத்தையின் கையைத்தான். டொக்டர் அத்தையைப் பார்த்து, கேள்வி மட்டும் வேண்டாம்மா என்றார். அத்தை மாரியாத்தா மேல் சத்தியம் பண்ணினாள்.

அப்பாவின் கண்ணைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். அவருக்குப் பிடித்த நாதஸ்வரத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள். மிஸ் ஊசியைக் குத்தி, சேலைனைத் திறந்துவிட்டார். இந்தத் தடவை நானும் உள்ளே, சுவரோரம் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஜன்னல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. கூரைத் தகரத்தில் ஒன்று, இரண்டு என்று விழுந்த துளிகள் சடசடவென்று பிடித்துக்கொண்டன. இத்தனை நாள் வராமல் போக்குக் காட்டிய மழை, வருவதற்கு அந்த நேரத்தையா பார்க்க வேண்டும்? நான் ஜெசிந்தினி மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பாவின் தலை ஆட ஆரம்பித்தது.

"அக்கா. மழையா?"

அத்தை டொக்டரைப் பார்த்தாள். டொக்டர் மெல்லத் தலையசைத்தார். மழைதான் தம்பி என்றாள் அத்தை. அப்பா கட்டிலில் எழும்பப் பார்த்தார், உடம்பு ஒத்துழைக்கவில்லை. மெஷினில் ப்ரஷர் ஏறுவதை மிஸ் டொக்டருக்குக் காட்டினார். டொக்டர் சேலைனை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார், இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்போம் என்பதுபோலக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வாசல்ல வந்து நிக்கிறா," என்றார் அப்பா. "கேளுக்கா. யாரு வந்திருக்கேன்னு கேளு."

அத்தையின் உதடு துடித்தது. அந்தக் கேள்வி அவள் வாயிலேயே நிற்பது எனக்குத் தெரிந்தது. அவளுடைய வலது கை அப்பாவின் உச்சிக்குப் போனது. ஆனால் அந்தக் கை மயிரைப் பிடிக்கவில்லை, நெற்றியில் போய் அப்படியே படிந்தது. குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள்.

"நான் வந்திருக்கேன் தம்பி. அக்கா வந்திருக்கேன்."

அப்பா அசையவில்லை. தலை ஆடுவது நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து கோயிலடியில் கேட்டுக் கேட்டு ஊறிப்போன அந்த ராகத்திலேயே, ரொம்ப தூரத்திலிருந்து பேசுகிறவர்போல அவர் கேட்டார்.

"எதுக்கு வந்தே?"

"உன்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"என்ன வேணும்?"

"நீதான் வேணும்," என்றாள் அத்தை. கண்ணீர் வழிந்து அப்பாவின் காதோரத்தில் விழுந்தது. "கோழி வேணாம், சேல வேணாம். எனக்கு நீதான் வேணும்."

டொக்டர் கையைச் சேலைனிலிருந்து எடுத்துவிட்டார். நாங்கள் எல்லோரும் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். முடியாது, வேறு கேள் என்று அவர் சொல்லிவிட்டால் அவ்வளவுதான். சும்மா இருந்தால் கொடுத்தது கொடுத்ததுதான். உதடு ஒருமுறை பிரிந்தது. மழை தகரத்தைப் பெயர்த்துவிடுவதுபோல் கொட்டியது. அத்தை கையை எடுக்காமல் குனிந்தபடியே நின்றாள். சேலைன் முடிந்து, மிஸ் ஊசியைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்தும் வரைக்கும் அப்பா ஒன்றும் சொல்லவில்லை.